மண் சுவருக்கு சிமெண்ட் பூசாதீங்க

1/ ஐப்பசி, கார்த்திகை வந்தா எங்க அரசு மருத்துவமனைக்கு காய்ச்சல், பாம்புக்கடியோட இன்னொரு கேஸும் வரும். "ராத்திரி சுவர் இடிஞ்சு விழுந்துடுச்சு சார்." மழை விட்ட மறுநாள்கூட வரும். இதெல்லாம் தெரிஞ்சும் எங்க வீட்டுக் கொல்லையில் மண் சுவர்தான் கட்டினேன். ஏன்னு சொல்றேன்.

2/ மண் பலவீனமான பொருள் இல்லை. களிமண்தான் பசை. மணல்தான் எலும்பு. வைக்கோல் விரிசலைத் தடுக்கும். களி அதிகமானா காயும்போது வெடிக்கும், மணல் அதிகமானா உதிரும். ஒரு பாட்டில்ல மண்ணும் தண்ணியும் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைங்க. மணல் அடியில், களி மேலே படியும். எது எவ்வளவுன்னு கண்ணாலேயே பார்க்கலாம்.

3/ கட்ட வந்த பெரியவர் சொன்னது: "தம்பி, மண் சுவருக்கு காலும் நனையக் கூடாது, தலையும் நனையக் கூடாது." அதனால தரைக்கு மேல ஒன்றரை அடி கருங்கல். அதுக்கு மேல மிதிச்சுக் குழைச்ச செம்மண், ஒரு தடவைக்கு ஒரு அடிதான். அது இறுகினப்புறம் அடுத்த அடுக்கு. மொத்த உயரம் நாலு அடி. உச்சியில் ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு நிற்கிற ஓடு.

4/ "மேல சிமெண்ட் பூசிடலாம்பா, கெட்டியா இருக்கும்"னார் அப்பா. நிறைய பேர் இதைத்தான் செய்றாங்க. சிமெண்ட் மண்ணோட ஒட்டி நிற்காது, விரிசல் விடும். அது வழியா உள்ளே போற தண்ணி ஆவியாகி வெளியே வர முடியாது. அடியில் சேர்ந்து சுவரைக் குழைச்சிடும். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே தையல் போட்டு மூடின மாதிரி. வெளியே பளிச்னு இருக்கும், ஒருநாள் ராத்திரி விழும். மண் பூச்சு, அதுக்கு மேல சுண்ணாம்பு போதும்.

5/ சுண்ணாம்பு பற்றி ஒரு எச்சரிக்கை. கல் சுண்ணாம்பை நீற்றும்போது கொதிச்சுத் தெறிக்கும். குழந்தைகள் கிட்ட இருக்கக் கூடாது. கண்ணில் பட்டா கசக்காதீங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஊத்தாதீங்க. இமையைத் திறந்து பிடிச்சு, அரை மணி நேரமாவது சுத்தமான தண்ணியை விட்டுக் கழுவுங்க. பிறகு உடனே ஆஸ்பத்திரி. கருவிழி தப்பிக்கிறதே அந்த முதல் சில நிமிஷத்துலதான்.

6/ பழைய மண் சுவர் வீட்டில் இருக்கா? அடிப்பகுதி அரிச்சிருக்கா, நடுவில் வயிறு தள்ளியிருக்கா, விரிசல் அகலமாகுதான்னு பாருங்க. ஒண்ணு இருந்தாலும் அதை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம், ஆடு மாடு கட்ட வேண்டாம்.

7/ யாராவது இடிபாட்டில் சிக்கினா 108. எழுந்து நடந்தாலும் கூட்டிட்டு வாங்க. தசை நசுங்கியிருந்தா சிறுநீர் டீ கலர்ல போகும், சிறுநீரகம் பழுதாகலாம். சீக்கிரம் வந்தா காப்பாத்தலாம்.

அடுத்த மழைக்கு முன்னாடி ஒருமுறை சுவரோட காலைக் குனிஞ்சு பாத்துடுங்க.