அலுப்புத் தெரியாது

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் பணித்தபோது, விஞ்ஞானம் எழுதுவதா, பழைய நினைவுகளை எழுதுவதா என்று தயங்கினேன். எழுத அமர்ந்த பின்னரே இரண்டும் ஒன்றெனக் கண்டேன்.

பதுளைக்கு அண்மையில், நமுனுகுல மலை தெரியும் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். விடியுமுன் அன்னையார் எழுந்து அடுப்பு மூட்டுவார். உள்ளங்கையில் வைத்த சீனியை நக்கிக்கொண்டு, பாலில்லாத தேத்தண்ணீர் ஒரு குவளை அருந்திவிட்டுக் கூடையுடன் பெரட்டுக்குப் புறப்படுவார். "ஏம்மா வெறும் வயித்துல?" என்பேன். "இதக் குடிச்சாத்தான்யா அலுப்புத் தெரியாது" என்பார். நானும் அதை நம்பி மீண்டும் போர்த்திக்கொண்டு உறங்குவேன்.

பல்லாண்டுகளின் பின், கடல் கடந்த ஆய்வுகூடமொன்றில் ஒரு சிறு குப்பி என் கைக்கு வந்தது. பூச்சியத்துக்குக் கீழ் எண்பது பாகைக் குளிரில் காக்கப்பட்ட அதனுள் இருந்தது மனிதப் புரதமொன்று. அடினோசின் ஏ2ஏ வாங்கி என்பது அதன் பெயர். 412 அமினோ அமிலங்களாலான சங்கிலி. ஆயினும் அது எம்மனிதர் உடலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. மனிதப் பரம்பரையலகைப் பூச்சி வைரசொன்றினுள் பொருத்தி, அவ்வைரசைப் பூச்சிக் கலங்களுள் செலுத்தினால், அக்கலங்கள் நம் புரதத்தைத் தம் புரதம்போல் ஆக்கித் தருகின்றன. அக்கலங்கள் படைப்புழு எனும் அந்துப்பூச்சியின் சூலகத்திலிருந்து பெறப்பட்ட வழியின. 2018 இல் இலங்கைக்கு வந்து, நம் ஊவாவின் சோளச் சேனைகளையும் அழித்த அதே புழுதான்! உழவனுக்குப் பகையான அவ்வுயிர் ஆய்வாளனுக்குத் துணையாயிற்று. 2008 இல் இவ்வாங்கியின் உருவத்தை அறிஞர்கள் முதன்முதல் கண்டதும் இத்தகைய கலங்களில் ஆக்கிய புரதத்தைக் கொண்டேயாகும்.

இவ்வாங்கியின் பணி யாது? விழித்து உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் சேர்கிறது. அது இவ்வாங்கியில் வந்து அமரும்போது, 'போதும், ஓய்வு கொள்' என்ற செய்தி உள்ளே செல்கிறது. தேயிலையிலுள்ள கஃபீன் அதே இருக்கையில் முந்திச் சென்று அமர்ந்துகொள்ளும். ஆனால் செய்தி எதனையும் சொல்லாது. 2005 இல் வெளியான ஆய்வொன்றில், இவ்வாங்கி இல்லாத எலிகளுக்குக் கஃபீன் கொடுத்தும் அவற்றின் விழிப்பு மிகவில்லை.

நானும் என் கையால் அதனைச் சோதித்தேன். கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளொன்றைப் புரதத்தோடு இணைத்தபின், கஃபீனைச் சிறிது சிறிதாகச் சேர்த்தேன். இருக்கையிழந்த பொருள் விலக விலக, கருவி காட்டிய எண் இறங்கிற்று. அக்கணத்தில் அன்னையாரின் சொல் நினைவில் எழுந்தது. அவர் 'அலுப்புப் போகும்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'அலுப்புத் தெரியாது' என்றே சொன்னார். அலுப்பு அங்கேயே இருந்தது. தெரியாமல் மட்டும் இருந்தது. காலை ஐந்து மணிக்குக் குடித்த கஃபீனில் ஏறக்குறையப் பாதி பத்து மணிக்குள் உடலைவிட்டு நீங்கிவிடும். அடினோசின் மீண்டும் வந்து அமரும். மலையில் பத்து மணிக்கு மறுபடி தேத்தண்ணீர் வரும்.

ஊவாத் தேயிலைக்கு மணமூட்டும் வறண்ட காற்று வீசிய ஓர் ஆவணியில், அன்னையார் கொழுந்துக் கூடையோடு மலையில் சாய்ந்தார். இரத்தம் மிகக் குறைந்திருக்கிறதென்றும், நெடுநாளாகவே குறைந்து வந்திருக்க வேண்டுமென்றும் பதுளையில் மருத்துவர் கூறினார். உணவோடு அருந்தும் தேநீர் இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கும் என்பதையும் அன்றே அறிந்தேன். அப்போது நான் இக்கல்லூரி விடுதி மாணவன். விடுதிக் கட்டணம் எங்கிருந்து வருகிறதென்று ஒருமுறையும் கேட்டறியாதவன். அவர் மீண்டும் மலைக்குச் செல்லவில்லை. அடுத்த தைப்பொங்கலையும் காணவில்லை.

அக்குப்பியின் மேல், 'ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு வழங்கலாகாது' என்று பொறித்திருந்தார்கள். அந்தப் புரதத்தால் என் அன்னையாருக்கு எப்பயனும் விளைந்திராது. அது எனக்கே பயன்பட்டது. அவர் சொன்னதன் பொருளை, காலங்கடந்தேனும், எனக்கு விளக்கிற்று.

விடுமுறைக்கு வீடு செல்லும் இளைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அன்னையர் அலுப்புத் தெரியவில்லை என்பார்கள். அலுப்பு இல்லையென்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கூடையை இறக்கி வைத்ததும் அருகிருந்து அவர்தம் முகத்தைப் பாருங்கள். கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருப்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் அதைச் செய்யவில்லை.