காடி ஸ்டார்ட் ஆகலன்னா உடனே பதறாதீங்க

நாங்க மாசாய்ல கோயில் விசேஷ நாள்ல காடி நிறுத்துற இடத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள். கூட்டம் கலையும்போது எங்ககிட்ட அடிக்கடி வர்ற கேள்வி, "அண்ணே, சாவி கெட்டுப்போச்சா?" என்பதுதான். அதனால இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஒரு சாவிக்குள்ள இரண்டு வேலை இருக்கு. பட்டனை அமுக்கினா கதவு திறக்கிறது ஒண்ணு. அதுக்குச் சின்ன பேட்டரி வேணும். எஞ்சினுக்கு அனுமதி கொடுக்கிறது இன்னொண்ணு, அதுதான் இம்மொபிலைசர். சாவி செருகுற இடத்தைச் சுத்தி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதுவே சாவிக்குள்ள உள்ள சிப்புக்குச் சக்தி கொடுத்துப் படிக்கும். சிப்புக்குப் பேட்டரி தேவையில்ல. ஆக, பட்டன்ல கதவு திறக்கல, ஆனா எஞ்சின் ஓடுதுன்னா பேட்டரியை மாத்திப் பாருங்க. பல சாவிகளில் இருப்பது சிஆர் 2032. பழசைக் காட்டி வாங்குங்க.

பட்டன் ஸ்டார்ட் காடியில "சாவி இல்லை"ன்னு காட்டினா, சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல ஒட்டி வச்சு, பிரேக்கை மிதிச்சு அமுக்குங்க. சில காடிகளில் அதுக்குன்னு தனி இடம் இருக்கும், காடி புத்தகத்தில போட்டிருக்கும். பாசிர் கூடாங்குக்கு இரவு ஷிஃப்ட் போக வேண்டிய ஒரு அக்காகிட்ட, போன்லயே ஒருத்தர் "பெட்டியையே மாத்தணும்"னு சொல்லிட்டார். கேட்ட விலை அவங்க அரை மாசச் சம்பளம். சாவியைப் பட்டன்ல வச்சதும் காடி ஓடிருச்சு. மறுநாள் சாவி பேட்டரி மாத்தினாங்க, அவ்வளவுதான்.

எஞ்சின் சுத்துது, பத்தல, சாவி விளக்கு மின்னுதா? வளையத்துல உள்ள மத்த சாவிகளைக் கழட்டிட்டு முயற்சி பண்ணுங்க. பிறகு இரண்டாவது சாவியைப் போடுங்க. அதில ஓடினா கோளாறு முதல் சாவியில. இரண்டிலும் ஓடலன்னா காடி பக்கம் பார்க்கணும். எஞ்சின் மெதுவா சுத்தி விளக்கு மங்கினா, முதல்ல காடி பேட்டரியைச் சோதிங்க.

சில பேர் "இம்மொபிலைசரைக் கழட்டிப் போட்டுடலாம், தொல்லை தீரும்"னு சொல்வாங்க. கேட்காதீங்க. ஐரோப்பாவில 1998 முதல் புதுக் காடிகளுக்கு இது கட்டாயம். அமெரிக்காவில கட்டாயம் இல்லாததால இம்மொபிலைசர் இல்லாம விற்ற பல ஹூண்டாய், கியா காடிகளை, 2021, 2022-ல சின்னப் பசங்களே வீடியோ பார்த்துத் திருடினாங்க. கடன் கட்டி முடிக்காத காடி போனா, நம்ம குடும்பம் தாங்குமா?

கடைசியா முக்கியமானது. வீட்ல ஒரே சாவிதான் இருக்குன்னா, அது வேலை செய்யும்போதே இன்னொண்ணு போட்டுடுங்க. எல்லாச் சாவியும் தொலைஞ்ச பிறகு போட்டா செலவு பல மடங்கு. தொலைஞ்ச சாவியைக் காடி நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்க. பழைய காடி வாங்கும்போது இரண்டு சாவியும் கேளுங்க, எத்தனை சாவி பதிவாகியிருக்குன்னு மெஷின்ல பார்க்கச் சொல்லுங்க. கிராண்ட்டும் ஐசியும் கேட்கிற சாவிக்கடைமேல கோபப்படாதீங்க. அவங்க கேட்கிறது நம்ம காடிக்குத்தான் பாதுகாப்பு.

இரண்டாவது சாவி எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடிப் பாருங்க. வயசானவங்க, தனியா காடி ஓட்டுற பிள்ளைங்க எல்லாருக்கும் இதைப் பகிருங்கள். முருகன் துணை.