அறுத்துப் போட்ட மாலை

மஞ்சாடி விதையில் நான் கோத்த முதல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாட்டி முன்னால் போய் நின்றேன். 2020, ஊரடங்குக் காலம். பாட்டிக்கு எண்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. கண் மங்கல். என்னைக் கிட்டே இழுத்து ஒவ்வொரு மணியாக விரலால் தடவிப் பார்த்தாள். 'நல்லாருக்கு மக்களே' என்று சொல்லுவாள் என்று காத்து நின்றேன். பாட்டி கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்க அம்மை அறுத்துப் போட்டத நீ எடுத்துப் போட்டுட்டு வந்து நிக்கியா?"

அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

எனக்கு நகை செய்வது சின்ன வயதிலிருந்தே ஆசை. அம்மை அண்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரித் தோட்டில் இருந்து வடியும் எண்ணெய் பட்டு அவள் உள்ளங்கை எப்போதும் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அவள் வேலை முடிந்து வரும்வரை நான் மஞ்சாடி மரத்து மூட்டில் விதை பொறுக்கிக்கொண்டிருப்பேன். வாழைநாரில் கோத்து மாலை, பனையோலையைச் சுருட்டிக் காதுக்குத் தோடு. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தங்கக் கம்மல் போட்டு வரும்போது நான் விதையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அது வறுமை என்று எனக்கு அப்போது தெரியாது. அழகு என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி பூட்டிக்கொண்ட அணிகலன்களைக் கால்விரலிலிருந்து தலைவரை வரிசையாக மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். வகுப்பில் யாரும், நானும்தான், எங்கள் வீட்டுக் கிழவிகளின் கழுத்தில் என்ன கிடந்தது என்று கேட்டதில்லை. பாட்டி பேசாமல் இருந்த அந்த நாளுக்குப் பிறகுதான் கேட்டேன். மறுநாள் ராத்திரி அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

"கல்லும் பாசியுமா கோத்தது. ஒண்ணு ரெண்டா, கழுத்து நெறையக் கெடக்கும். நாத்து நடக் குனிஞ்சா தாடையில இடிக்கும். வேர்வையில கழுத்துப் புண்ணாயிரும். அதக் கழத்தப்பிடாது. பொன்னும் வெள்ளியும் நம்ம ஆளுவ தொடப்பிடாதுன்னு சட்டம் வச்சிருந்தாவ. தூரத்துல வரும்பமே இன்ன சாதின்னு தெரியணும்லா, அதுக்குத்தான் அந்த மாலை. எங்க அம்மை சின்னப் பிள்ளையா இருக்கையில, வடக்க எல்லாரும் அறுத்துப் போட்டாச்சுன்னு சேதி வந்துச்சாம். அவளுக்க அம்மை அரிவாள எடுத்து, தனக்குள்ளதையும் பிள்ளைக்குள்ளதையும் அறுத்து, கொளத்துல வீசிட்டாளாம். அந்தத் தழும்பு எங்க அம்மைக்கு சாவுறது வரைக்கும் கெடந்துது."

பாட்டி சொன்ன அந்த 'வடக்க' எது என்று எனக்குத் தெரியும். பிரசுரங்களில் படித்திருக்கிறேன், கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன். ஆனால் அது என் வீட்டுக் கதை என்று தெரிந்ததில்லை. 1956 நவம்பர் 1 வரை எங்கள் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். கல்லுமாலையை எறியுங்கள் என்று புலையர் பெண்களுக்குச் சொன்னவர் அவர். 1915இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கூடிய கூட்டத்தை ஆதிக்கச் சாதியினர் தாக்கினார்கள். குடிசைகள் எரிந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் கொல்லத்தில் நடந்த பெருங்கூட்டத்தில், மேடைக்கு முன்னால், பெண்கள் கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தார்கள்.

இது திருவிதாங்கூரோடு நின்ற விஷயம் இல்லை. மகாத்தில் 1927 டிசம்பரில் மனுஸ்மிருதியை எரித்த கையோடு அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் தனியாகப் பேசினார். கழுத்திலும் கையிலும் நீங்கள் அடுக்கியிருக்கும் நகைகள் உங்களைத் தீண்டத்தகாதவர் என்று அடையாளம் காட்டுகின்றன, அவற்றை விடுங்கள் என்பது அந்தப் பேச்சில் இருந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்மீது விதிக்கப்பட்ட எட்டுத் தடைகளில் முதல் தடையே பொன், வெள்ளி நகை அணியக்கூடாது என்பதுதான். நம்முடைய பெண்ணின் கழுத்து அவளுடையதாக இருந்ததில்லை. அதில் எது கிடக்கவேண்டும், எது கிடக்கக்கூடாது என்று வேறு யாரோ எழுதினார்கள்.

அப்படியானால் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? கொள்ளுப்பாட்டி வீசியதைக் குளத்திலிருந்து அள்ளி எடுத்து, துடைத்து, விலை போட்டு விற்கிறேனா? தோழர் ஒருவர் கேட்டார்: "மணி கோத்து விக்கிறதுதான் இப்ப போராட்டமா?" சிரித்துக்கொண்டு கேட்டாலும் கேள்வி சரியான கேள்விதான். ஒரு வாரம் ஊசியைத் தொடவில்லை.

பாட்டிதான் அதை அவிழ்த்தாள். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே கேட்டாள்:

"இத வித்தா காசு யாருக்கு?"

"எனக்குத்தான் பாட்டி."

"வெலய யாரு சொல்லுவா?"

"நாந்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பம் செய்யி. எங்க காலத்துல நெல்ல அளந்து போடுகவனுக்க கையிலதான் மரக்காலு இருந்துது" என்றாள்.

ஒரு பொருளை அடிமைச்சின்னம் ஆக்குவது அதில் கோத்த கல் இல்லை. யார் போடச் சொன்னார்கள், யாரால் கழற்ற முடியாது என்பதுதான். எங்கள் நாகர்கோவிலிலேயே இதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளும் இருந்தார்கள். பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்துச் சிலர் தங்கள் விடுதலையை வாங்கியதாக மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே நூலும் ஊசியும் வைத்துத் தன் உடம்பைத் தானே மீட்ட பிள்ளைகள் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். அந்த லேஸ் போய்ச் சேர்ந்தது சீமாட்டிகளின் கழுத்துக்கு என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

தொழில் என்று இறங்கியதும் முதலில் படித்தது கணக்கு. நாங்கள் நான்கு பெண்கள், ஒரே குடியிருப்பு. மஞ்சாடி விதை, சோழி, சுட்ட களிமண் மணி, பனையோலை, இவைதான் சரக்கு. குன்றிமணி கண்ணுக்கு அழகு, ஆனால் உள்ளே கொடிய விஷம். துளைபோடும்போது பறக்கும் தூளும் ஆபத்து, பிள்ளைகள் வாயில் வைத்துக் கடித்தாலும் ஆபத்து. அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டோம். மஞ்சாடி கல்லு மாதிரி. 1 மில்லிமீட்டர் பிட் போட்ட சின்ன டிரில்லிங் மெஷினில் ஒவ்வொன்றாகத் துளைக்கவேண்டும். விதை மரத்தடியில் சும்மா கிடைக்கிறது என்பதால் ஆரம்பத்தில் ஒரு மாலையை 80 ரூபாய்க்குக் கொடுத்தோம். பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். ஒயர், கொக்கி, வளையம் எல்லாம் சேர்த்து 35 ரூபாய். பொறுக்கி, கழுவி, துளைத்து, கோக்க இரண்டு மணி நேரம். அப்படியென்றால் எங்கள் ஒரு மணி நேரத்தின் விலை இருபத்திரண்டரை ரூபாய்! விதை சும்மா கிடைத்தது. எங்கள் உழைப்பையும் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தோம். தலைமுறையாகக் கூலி கேட்டுப் பழகாத வாய், தன் பொருளுக்கே விலை சொல்லக் கூசுகிறது. மணிக்கு 60 ரூபாய் என்று வைத்து, தேய்மானம், பஸ் கூலி, விற்காமல் கிடப்பது எல்லாம் சேர்த்து 190 ரூபாய் என்று போட்டோம். கன்னியாகுமரியில் ஒரு கடைக்காரர் விற்ற பிறகு காசு தருவதாக வாங்கிக்கொண்டு 320 ரூபாய்க்கு வைத்தார். நூற்றுக்கு நாற்பது அவருக்கு. அதில் ஒளிவுமறைவு இல்லை.

இரண்டாவதாகப் படித்தது சந்தையின் சாதி. வடசேரியின் கோயில் நகை உலகம் அறிந்தது. வெள்ளியில் அச்சு, மேலே தங்கத் தகடு, சிவப்புக் கெம்புக்கல். பரத நாட்டியம் ஆடுகிறவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து வாங்கிப் போகிறார்கள். 'நாகர்கோவில் கோயில் நகை' என்று புவிசார் குறியீடும் பெற்றது. கல் பதிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு பட்டறைக்குப் போனேன். எந்த ஊர் என்று கேட்டார்கள், சொன்னேன். ஊரில் எங்கே என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். "இது பரம்பரையா வாற வேல மக்களே, வெளியாளுக்குக் கை வராது" என்றார் ஒருவர், கோபமில்லாமல். அவர்களும் கஷ்டப்படுகிற தொழிலாளிகள்தான். ஆனாலும் கை வருமா வராதா என்பதைக் கையைப் பார்க்காமலே தெரிந்துகொண்டார்.

2023இல் ஒன்றிய அரசு 18 தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தபோது அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. மாநில அரசு அதை ஏற்காமல், 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025இல் தொடங்கியது. அந்த விவாதத்தைப் பேப்பரில் படித்தபோதெல்லாம் அந்தப் பட்டறை வாசல்தான் எனக்கு நினைவில் வந்தது. பட்டியலில் இருந்து பரம்பரையை எடுத்துவிடலாம். பட்டறையில் இருந்து யார் எடுப்பது?

கடன் கதையும் உண்டு. தலித்துகளுக்கும் பெண்களுக்கும் என்று 2016இல் வந்த ஸ்டேண்ட் அப் இந்தியா 10 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடி வரை கொடுத்தது. எங்களுக்குத் தேவைப்பட்டது 20 ஆயிரம். முத்ராவில் 50 ஆயிரம் வரைக்குமான 'சிசு' கடன் உண்டு என்று சொல்லி ஒரு வங்கிக்குப் போனோம், "மணி மாலைக்கா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். குழுச் சேமிப்பில் எடுத்துத்தான் மெஷின் வாங்கினோம். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மானியமும் 6 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. படித்த தோழர்கள் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு குடியிருப்புகளுக்குப் போகவேண்டும். அதுவும் இயக்க வேலைதான்.

மூன்றாவது, பெயர். நாகர்கோவிலில் ஒரு கண்காட்சி. ஒரு அம்மாள் மாலையை எடுத்துக் கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். "டிரைபல் டிசைனா?" என்று கேட்டார். "இல்லம்மா, நாங்களே செய்தது." "நீங்க எந்த ஊரு? ஊர்ல எங்கன?" சொன்னேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, "சுத்திப் பாத்துட்டு வாறேன்" என்று போனார். வரவில்லை. பக்கத்துக் கடைக்காரப் பெண் அனுதாபத்தோடு சொன்னாள்: "ஏதாவது சாமி பேரப் போட்டு, நாகர்கோவில்னு மட்டும் சொல்லுங்கக்கா." எங்கோ காட்டில் வாழும் முகமறியாத பழங்குடி செய்தது என்றால் அது கலை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவள் செய்தால் தீட்டு.

அன்று ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து பேசினோம். எனக்கு ஒரு வீறாப்பு. 'கல்லுமாலை' என்றே பெயர் வைப்போம் என்றேன். பாட்டி படுத்திருந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தாள். "அறுத்ததுக்கு ஒரு பேரு வையி. கெட்டுனதுக்கு வைக்காத." எம்.ஏ. படித்த எனக்கு அது தோன்றவில்லை. அந்தப் பெயரை விட்டுவிட்டோம். ஆனால் மாலையோடு வைக்கும் அட்டையில் எங்கள் குடியிருப்பின் பெயரை முழுசாக அச்சடித்தோம். அதைப் பார்த்து விலகிப்போகிறவர்கள் உண்டு. அதைப் பார்த்தே தேடி வந்து வாங்குகிறவர்களும் உண்டு. நட்டமா லாபமா என்று இன்னும் கணக்கு முடியவில்லை.

ஒரு விதி மட்டும் எங்களுக்குள் வைத்திருக்கிறோம். தலைவழியே மாட்டுகிற மாலை, முடிச்சுப் போட்டு இறுக்கின மாலை செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் பிடரியில் ஒரு கொக்கி இருக்கும். போடுகிறவள் தன் கையாலேயே கழற்றிக்கொள்ளலாம். அரிவாள் வேண்டாம்.

பழைய வாய்பாட்டில் இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி. தட்டார்கள் பொன்னை நிறுத்தது இந்த விதைகளை வைத்துத்தான். இதைப் பாட்டியிடம் சொன்னபோது பொக்கைவாய் திறந்து சிரித்தாள். "அப்பம் பொன்னுக்கு வெல சொன்னது இதுதானா?"

கடைசிவரை அவள் எங்கள் மாலை ஒன்றையும் போட்டுக்கொள்ளவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஆனால் சாயங்காலத்தில் எங்களோடு வந்து உட்கார்ந்து, முறத்தில் விதையைப் பரப்பி, கண் தெரியாவிட்டாலும் விரலாலேயே பொத்தலையும் சொத்தையையும் பொறுக்கித் தள்ளுவாள். ஒரு வாரம் கழித்துக் கையை நீட்டினாள். "எனக்கக் கூலி எங்க? சும்மா செஞ்சது போதும்." நாள் ஒன்றுக்கு 40 ரூபாய் என்று பேசித் தீர்த்தோம். முதலில் 30 என்றுதான் சொன்னோம். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் கணக்கு நோட்டில் அவள் பெயருக்கு நேரே அந்தக் கடைசி வாரத்துக் கூலி, 280 ரூபாய், வாங்காமல் நிற்கிறது.