வக்கீல் படிப்புக்கு முந்தின மூன்று வருசம்

கன்னிவாடியைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். "அண்ணே, நான் வக்கீலாகணும். அதுக்கு முன்னாடி என்ன டிகிரி எடுக்கட்டும்?" கூட வரும் அப்பனோ சித்தப்பனோ தன் காதில் விழுந்ததைச் சொல்வார். "பி.ஏ. தமிழெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாதாம்ல தம்பி. பி.காம். படிச்சாத்தான் கோர்ட்டுல மதிப்பாம்." யார் சொன்னது என்று விசாரித்தால் ஊருக்குள் யாரோ சொல்லியிருப்பார்கள். நம் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று இன்னமும் ஊர்க்காரன்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வருச எல்.எல்.பி.யில் சேர இன்ன பட்டம்தான் வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அங்கீகாரமுள்ள பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டமும் போதும். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி நமக்கு 40 சதவீத மார்க், பொதுப் பிரிவினருக்கு 45. ஆனால் அரசு சட்டக் கல்லூரியில் இடம் கொடுப்பது மார்க்கை வைத்துத்தான். 40 வாங்கினால் விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். ஆகவே மார்க் எடுக்க முடிகிற பாடமாகவும் அது இருந்தாக வேண்டும். இன்னொன்று, பிளஸ் டூ இல்லாமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கும் பட்டம் இதற்குச் செல்லாது. இது தெரியாமல் பணத்தையும் வருசத்தையும் தொலைத்தவர்கள் நம் சனத்தில் உண்டு.

இனி பாடத்துக்கு வருவோம். எம்.ஏ. தமிழ் படித்தவன் தமிழைத்தானே சொல்வான் என்று நினைக்க வேண்டாம். நம் வழக்கு பல நேரம் போலீஸ் ஸ்டேசனிலேயே ஒரு வார்த்தையில் தோற்றுப் போகிறது. கூலி பாக்கி கேட்கப் போய் வசவு வாங்கி வந்த ஒரு அம்மாவோடு ஒருமுறை ஸ்டேசனுக்குப் போயிருந்தேன். அந்தம்மா சொன்னது: "எஞ் சாதியச் சொல்லி, தெருவே பாக்க வஞ்சான்யா." ரைட்டர் எழுதியது: "தகாத வார்த்தைகளால் திட்டி." சாதியும் போச்சு, தெருவும் போச்சு. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியது, பொதுப் பார்வையில் திட்டியது என்ற இந்த ரெண்டும் இருந்தால்தான் வசவு வன்கொடுமைச் சட்டத்துக்குள் வரும். இல்லாவிட்டால் வெறும் வாய்த்தகராறு. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதி, சொன்னவருக்குப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4வது பிரிவு சொல்கிறது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இது. படித்துக் காட்டுங்கள் என்று நின்றேன். மாற்றி எழுதி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

சொல் எங்கே மாறுகிறது, மாறினால் பொருள் எங்கே போகிறது என்று பார்க்கும் பழக்கம் இலக்கணமும் உரையும் படித்தவனுக்குக் கைவரும். பாடபேதம் பார்ப்பதுபோல எஃப்.ஐ.ஆர். பார்க்கத் தெரிய வேண்டும். தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி தேர்வில் மொழிபெயர்ப்புக்கென்றே 100 மார்க்குக்குத் தனித் தாள் வைத்திருக்கிறார்கள். தமிழ் ஒண்ணுக்கும் ஆகாது என்பவர்கள் இதையும் பார்க்கட்டும்.

ஆனால் தமிழோடு நின்றுவிட்டால் கீழ்க்கோர்ட்டோடு நிற்க வேண்டியதுதான். 2004ல் மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை வந்தது. நமக்கு மெட்ராஸ் பஸ் மிச்சமானது; இங்கிலீஸ் மிச்சமாகவில்லை. தமிழையும் உயர்நீதிமன்ற மொழியாக்கச் சொல்லி 2006ல் சட்டசபை தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. அதனால் பி.ஏ.வில் எந்தப் பாடம் எடுத்தாலும், வாரத்துக்கு ஒரு தீர்ப்பையாவது அகராதியை வைத்துக்கொண்டு இங்கிலீஸில் படி என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

முதலில் படிக்கச் சொல்வது கீழ்வெண்மணித் தீர்ப்பை. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1973ல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. இது எந்தச் சட்டப் பிரிவிலும் இல்லாத நியாயம். பணக்காரன் எப்படி நடந்துகொள்வான் என்று நீதிமன்றம் தன் மனதில் வைத்திருந்த கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று வாதாட, தஞ்சாவூர் நிலவுடைமையும் கூலிப் போராட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இதையெல்லாம் வரலாறும் பொருளாதாரமும் படித்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பஞ்சமி நிலமும் அப்படித்தான். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீரின் அறிக்கையையொட்டி 1892ல் வெள்ளைக்கார அரசு கொடுக்க முன்வந்த நிலம் அது. முதல் பத்து வருசம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பின்னும் நம்மவருக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இன்று அதே நிலத்துக்குக் கோர்ட்டில் நிற்பவனுக்குப் பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டி, பட்டா யார் பெயரிலிருந்து யார் பெயருக்குத் தாவியது என்று தேடும் பொறுமை வேண்டும்.

அம்பேத்கருக்குப் பள்ளிக்கூடத்திலேயே பாடத்தைத் தேர்வு செய்ய விடவில்லை. சமஸ்கிருதம் கேட்டார், மறுத்தார்கள், பாரசீகம் படித்தார். (அந்த மொழியில்தான் 2024 ஜூலையிலிருந்து குற்றவியல் சட்டங்களுக்கே பெயர் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா என்று நம் கிழவி எப்படிச் சொல்வாள்?) கொலம்பியாவில் அவர் எம்.ஏ. வாங்கியது பொருளாதாரத்தில். சாதிகள் பற்றிய 1916ஆம் வருசக் கட்டுரை ஒரு மானிடவியல் வகுப்புக்காக எழுதியது. பாரிஸ்டர் ஆனதெல்லாம் அதற்குப் பிறகு.

ஐந்து வருசப் படிப்பில் ஒரு வருசம் மிச்சம். பிளஸ் டூவில் நல்ல மார்க் இருந்தால் சேரலாம், நான் தடுக்கவில்லை. தேசிய சட்டப் பள்ளிகளுக்கான கிளாட் தேர்வு 2008லிருந்து நடக்கிறது, இங்கிலீஸில் மட்டும். அதற்குக் கோச்சிங் கட்டணம் கட்ட நம்மில் யாரால் முடியும்? வீட்டிலிருந்து பஸ்ஸில் திண்டுக்கல் போய் பி.ஏ. படித்து, லீவு நாளில் கூலிக்கும் போய், பிறகு மதுரைக்கோ, 2019ல் வந்த தேனி சட்டக் கல்லூரிக்கோ போகிற வழிதான் நம்மில் பலருக்குத் திறந்திருக்கிறது.

பதிவுக் கட்டணமாக 125 ரூபாய்க்கு மேல் நம்மிடம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நல்லது. ஆனால் சிவில் நீதிபதி ஆக மூன்று வருசம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மேயில் அதே நீதிமன்றம் மறுபடி கொண்டுவந்துவிட்டது. அப்பனுடைய ஆபீசும் கட்சிக்காரர்களும் உள்ளவனுக்கு அந்த மூன்று வருசம் பெரிதில்லை. சீனியர் கொடுக்கும் பஸ் காசை நம்பி நிற்கும் நம் பிள்ளைக்கு அந்த மூன்று வருசமும் சோற்றுக்கு வழி வேண்டும். பாடத்தைத் தேர்வு செய்யும்போது அதையும் கணக்கில் வை என்கிறேன். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கு டியூசன் எடுக்க உதவுகிற பாடமாக, தமிழோ வரலாறோ பொருளாதாரமோ.