மலைப்பூண்டுக்குப் போன மழைநாள்

வத்தலக்குண்டுக்காரர்களுக்குக் கொடைக்கானல் என்பது கொல்லையில் நிற்கிற மலை. லீவு விட்டால் ஏறிவிடுவோம். ஆனால் அதையும் தாண்டிப் பூம்பாறைக்கு எங்களை யாரும் கூட்டிப்போனதில்லை. ஒரு காலாண்டு விடுமுறையில் அம்மாச்சி கிளம்பினாள். வெளியே சொன்ன காரணம் அங்கிருக்கும் குழந்தை வேலப்பர் கோயில், உள்காரணம் மலைப்பூண்டு. சித்திக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது.

கொடைக்கானலில் பஸ் மாறும்போதே தூறல். 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்தைத் தாண்டுகையில் பக்கத்து மரமே தெரியவில்லை. சூரியனை ஆராய இந்த மலையைத் தேர்ந்தெடுத்த வெள்ளைக்காரர் புரட்டாசியில் வந்து பார்த்திருக்க மாட்டார்.

ஊருக்குச் சற்று முன்னால், சாலை வளையும் இடத்திலிருந்து பார்த்தால் படிப்படியான வயல்களும் நடுவில் நெருக்கியடித்த வீடுகளும் தெரியும். இன்று எல்லாரும் வண்டியை நிறுத்திப் படமெடுப்பது அங்கேதான். அன்று எங்களுக்குக் கிடைத்தது வெறும் மூட்டம். அதுவே நல்லதாய்ப் போயிற்று என்பேன். மேலே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குப் பூம்பாறை காலண்டர் படம். எங்களுக்கு அது எடுத்த எடுப்பிலேயே சேற்றுச் சந்தும் தகரக் கூரைச் சத்தமும்.

மழை வலுக்க, கோயிலுக்குள் ஒதுங்கினோம். மூலவரைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்று ஊர் நம்புகிறது, பழனியில் போலவே. அருணகிரிநாதர் இங்கே படுத்திருந்தபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாகி அவரோடு கிடக்க, யாரோ தாயும் பிள்ளையும் என்று எண்ணிப் போய்விட்டாளாம். மழைக்கு மேல் கேட்கவேண்டுமே என்று அம்மாச்சி உரக்கச் சொன்னதில், ஒதுங்கியிருந்த அத்தனை பேரும் கதை கேட்டார்கள். அதில் ஒரு பெரியவர் தேர்க்கதையை எடுத்தார். முன்னாலும் பின்னாலும் வடம் கட்டித்தான் இழுப்பார்களாம். "சரிவுல விட்டா தேரு நம்ம பேச்சக் கேக்காதுல்ல தாயி."

பூண்டு அவர் வீட்டிலேயே இருந்தது. அடுப்புக்கு மேலே பரண். அதில் தாளோடு கட்டுக்கட்டாய்த் தொங்கியது. விறகுப் புகை பட்டுக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் கெடாது என்றார். கண் எரிந்தது, குளிருக்கு அந்த எரிச்சலும் இதமாகவே இருந்தது. வரக்காப்பி கொடுத்தார்கள். அம்மாச்சி ஒரு பல்லை நசுக்கி முகர்ந்துவிட்டு விலை பேச உட்கார்ந்தாள்.

"மழையில நனைஞ்சு வந்திருக்கோம்ணே, பாத்துப் போடுங்க."

"மழ எனக்குந்தானே தாயி பெய்யுது?"

காப்பி ஆறும்வரை இது நடந்தது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பரண்தான் கண்ணுக்குள் வந்தது. இதன் காரத்தையும் மருந்துக் குணத்தையும் பற்றி இப்போது எழுதுவதையெல்லாம் அம்மாச்சி விரல்நுனியில் வைத்தே முடிவு செய்திருந்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் சன்னல்களெல்லாம் அடைத்திருக்க, எங்கள் பையின் வாசம் முன்சீட்டு வரை போனது. கண்டக்டர் மூக்கைச் சுளித்து, "பூண்டுக்கும் ஒரு டிக்கெட் போடவா பாட்டி?" என்றார். அம்மாச்சி பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "மடிப்பிள்ளைக்கு எதுக்குய்யா டிக்கெட்டு?" என்றாள்.

பிள்ளை பிறந்ததும் சித்திக்கு வேளைக்கு வேளை பூண்டுக் குழம்புதான். அந்தப் பிள்ளைக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. சித்தி இன்னும் ரசத்தில் மிதக்கிற பூண்டைக்கூட ஓரமாய் ஒதுக்கித்தான் சாப்பிடுகிறாள்.