ஆயாவின் ஜன்னல்

ஜன்னலை மாத்தணும்னு எங்க வீட்டுல பேச்சு ஆரம்பிச்சு மூணு மாசமாச்சு மக்களே. பி.காம் படிக்கிறவன் ஒருத்தன் இருக்கானேன்னு கொட்டேஷன் வாங்குற வேலையை என் தலையில கட்டிட்டாங்க. (நமக்கு பேலன்ஸ் ஷீட்டே டேலி ஆகாது, அது வேற கதை.)

2011 டிசம்பர் 30 விடியக்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையேறினப்போ எனக்கு ஏழு வயசு. நல்லூர்ல எங்க ரோட்டுப்பக்க ஜன்னல் கதவு ரெண்டும் பிச்சுக்கிட்டுப் போச்சு. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கிடந்தது. அங்க இருக்கிற மாமா, விழுந்த பலா ஒண்ணை அறுத்துக் கொடுத்தார். தாத்தா ஒரே மாசத்துல புதுக் கதவு மாட்டிட்டார். பலா நல்ல மரம்தான், கரையான் லேசுல தொடாது. ஆனா அது பச்சை மரமாச்சே! காயக் காய சுருங்கி முறுக்கிக்கிச்சு. ஈரம் போகாத மண்ணைச் சூளையில வச்சா வெடிக்கும்னு விருத்தாசலத்துல பொம்மை பண்றவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அதே சமாச்சாரம்தான். இப்போ சாத்தினா ஒரு விரல் சந்து. ஐப்பசி மழையில ஆயா கட்டில் நனையுது.

அப்பாவுக்கு யூ.பி.வி.சி. ஸ்லைடிங் மேல ஆசை. உளுக்காது, துருப்பிடிக்காது, பெயிண்ட் வேண்டாம். நியாயம்தான். சதுர அடி 750, மொத்தம் 40 சதுர அடி, 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தா 35,400. தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குக் கட்டுற சீட்டுல கை வைக்கணும். உள்ளே இரும்புச் சட்டம் வச்சிருக்காங்களான்னு கேட்டேன். கடைக்காரர் டீ சொன்னார்!

ஸ்லைடிங்ல இன்னொரு வில்லங்கம், ஒரு நேரத்துல பாதிதான் திறக்கும். சாயந்திரம் முழுக்க ஆயாவுக்கு அந்த ஜன்னல்தான் டி.வி.

"பாதி ரோட்டை வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

கடைசியா ஆசாரியைக் கூட்டி வந்தேன். கதவைத் தட்டிப் பார்த்தார். "முறுக்குற அளவுக்கு முறுக்கி முடிச்சிருச்சு தம்பி. இனிமே பெருசா அசையாது. இழைச்சு, ஓரத்துல சட்டம் அடிச்சு, கீலை மாத்தினாப் போதும்." கூலியோட 9,000. 26,400 மிச்சம்!

அப்பா ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. மூணாவது நாள் அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்தார். வெள்ளிக்கிழமை வேலை. அதுவரைக்கும் மழை வராம இருக்கணும், சந்துல இப்போதைக்கு என் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டு அட்டைதான் சொருகியிருக்கு :-)