வளர்த்த வீட்டின் பாட்டு

சகோதரிகளே, ஆபிரிக்காவிலுள்ள சாம்பியா நாட்டுக்கு மனதால் ஒரு பயணம் போய் வருவோமா? தலைநகர் லுசாக்காவிலிருந்து லிவிங்ஸ்டன் செல்லும் பாதையில் சோமா என்ற ஊர் இருக்கிறது. சோளக் காணிகளும் மாட்டு மந்தைகளும் உள்ள பிரதேசம். நவம்பரில் தொடங்கும் மழை ஓயும் காலத்தில் புல் விதைகள் முற்றி நிற்கும். விதை தின்னும் சின்னஞ்சிறு குருவிகளுக்கு அதுவே குஞ்சு பொரிக்கும் பருவம்.

அப்போது அங்கு போனால் வைடாக் குருவிகளைக் காணலாம். ஊசிவால் வைடாவின் ஆண், நம் கைக்குள் அடங்கும் குருவிதான். வாலோ சுமார் 20 சென்டிமீற்றர்! பருவம் முடிந்ததும் வால் உதிர்ந்து, பெண்ணைப் போலவே தவிட்டு நிறமாகிவிடும். இந்த இனத்தின் லத்தீன் பெயர் 'விதுவா'. விதவை என்பது பொருள்.

வைடா கூடு கட்டுவதில்லை. சில்லை போன்ற குருவிகளின் புற்கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். நமது குயில் காகத்தின் கூட்டை நாடுவதில்லையா, அதுபோலத்தான். ஆனால் ஐரோப்பியக் குயிலின் குஞ்சு, கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். வைடாக் குஞ்சு அப்படிச் செய்யாது. வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்றாகவே வளரும்.

வளர்ப்புத் தாய் ஏன் இனங்காணவில்லை என்கிறீர்களா? குஞ்சின் வாயைப் பாருங்கள். வீட்டுக் குஞ்சுகளின் வாயிலுள்ள அதே புள்ளிகள், அதே நிறங்கள்! இரை கேட்கும் குரலும் தலையசைவும்கூட ஒத்திருப்பதைச் சோமாப் பகுதியில் ஆராய்ந்தவர்கள் 2020இல் வெளியிட்டார்கள்.

அதிசயம் இத்துடன் முடியவில்லை. இங்குள்ள அகல்வால் வைடாவின் ஆண் வளர்ந்ததும், தன்னை வளர்த்த இனத்தின் பாட்டையே பாடுகிறது. அந்தப் பாட்டைக் கேட்டே பெண் துணை தேடுகிறாள். இவற்றின் நெருங்கிய உறவான, நீண்ட வாலில்லாத இன்னொரு குருவியை அமெரிக்கப் பேராசிரியர் ரொபர்ட் பெய்ன் வேறோர் இனத்திடம் வளர்க்கவிட்டார். அந்தப் பெண் குருவிகள் வளர்ந்ததும், வளர்த்த இனத்தின் பாட்டைப் பாடும் ஆணையே விரும்பின. முட்டையிடவும் அந்த இனத்தின் கூட்டையே நாடின. 2000ஆம் ஆண்டில் இது வெளியானது.

எண்ணிப் பாருங்கள், சகோதரிகளே. பெற்ற தாயை அந்தக் குஞ்சு அறியாது. வளர்த்த வீட்டின் பாட்டை மறக்கவும் மாட்டாது. ஆனால் அதே பாட்டுத்தான் அவளை மீண்டும் அந்த வீட்டு வாசலுக்கு அழைத்து வருகிறது. தன்னை ஊட்டி வளர்த்த குலத்தின் மேல் இன்னுமொரு பிள்ளையின் சுமையை ஏற்றுவதற்காக!